போர் நடத்தாமல் போர் மாடலைச் சோதிப்பது எப்படி?

பாலத்துக்கு மாடல் போட்டால் லோடு ஏற்றிப் பார்த்துவிடலாம். போருக்கு மாடல் போட்டால்? டாங்கி, குண்டு, ஆயிரக்கணக்கான வீரர்களோடு ஒத்திகை நடத்தலாம்தான், செலவு எகிறிவிடும். சோதிக்காமல் விட்டால், தப்பான கணக்கை நம்பி ஆட்களை அனுப்பவேண்டி வரும். அப்போ சிக்கனமா எப்படிச் சோதிக்கிறது?

நடந்து முடிந்த போரின் பதிவேட்டை எடுங்கள். அதற்கான விலையை யாரோ ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். 1954-ல் எங்கல் என்பவர் செய்தது இதைத்தான். லாஞ்செஸ்டர் சமன்பாடு ரொம்ப சிம்பிள்: ஒரு பக்கத்தின் ஒருநாள் இழப்பு = எதிரியின் எண்ணிக்கை × எதிரி வீரர் ஒருவரின் தாக்குதிறன். இதை அவர் 1945 இவோ ஜிமா போரோடு ஒப்பிட்டார். அமெரிக்கர்கள் முதல் நாள் 54,000, மூன்றாம் நாள் 6,000, ஆறாம் நாள் 13,000 பேர் இறங்கினார்கள். எதிரே சுமார் 21,500 ஜப்பானியர். அவருக்குக் கிடைத்த தாக்குதிறன் ஜப்பானியருக்கு 0.0544, அமெரிக்கருக்கு 0.0106. குகைக்குள் பதுங்கியவருக்கு ஐந்து மடங்கு! முதல் நாள் அமெரிக்க இழப்பு 21,500 × 0.0544, சுமார் 1,170 பேர். இப்படியே நாள் நாளாக ஓட்டினால் வரும் வளைவு, அமெரிக்கப் பதிவேட்டோடு அருமையாக ஒட்டுகிறது.

இங்கேதான் உஷாரா இருக்கணும். ஜப்பானியர் தரப்பில் தினசரிக் கணக்கே இல்லை. இரண்டு தாக்குதிறன் எண்களும் அதே போரிலிருந்து எடுத்தவை. கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு எழுதின பரீட்சை மாதிரி. முதல் பாதி நாட்களை மட்டும் வைத்து எண்களைக் கண்டுபிடியுங்கள். மறுபாதியை மாடல் சொல்கிறதா பாருங்கள். லேப்டாப்பும் ஒரு சாயங்காலமும் போதும்.

சரி, புதுசா எதையாவது அளக்கக் காசு இருக்கிறது, எதை அளப்பது? முதலில் மாடலையே கேளுங்கள். இந்தச் சமன்பாட்டில் படையின் வலிமை என்பது தாக்குதிறன் × எண்ணிக்கையின் வர்க்கம். தாக்குதிறனை 10% கூட்டி எழுதிவிட்டால் வலிமை 10% தப்பும். எண்ணிக்கையை 10% கூட்டினால் 21% தப்பும். ஆக, துப்பாக்கியின் திறனை இன்னும் துல்லியமாக்கச் சுட்டுச் சுட்டுச் செலவழிப்பதற்கு முன்னால், எதிரே எத்தனை பேர் என்ற கணக்கைச் சரிபாருங்கள். எந்த எண்ணை மாற்றினாலும் முடிவு மாறவில்லையோ, அதை அளக்கக் காசு போடாதீங்க.

இன்னொன்று, மாடல் எந்தக் கேள்விக்காக என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். குகைகளும் கடற்கரையும் கொடுத்த 0.0544-ஐப் பாலைவன டாங்கிப் போருக்குத் தூக்கிக்கொண்டு போனால், இவோ ஜிமாவில் செய்த சோதனை அங்கே செல்லாது.