நிரலும் எழுதலாம், கதையும் எழுதலாம்



“அண்ணா, ஸ்கூல்ல படிக்கிறப்ப கதை எழுதுவேன், படம் வரைவேன். இப்போ புரோகிராமர் வேலை. வீட்டுக்கு வரவே ராத்திரி எட்டு மணி ஆயிடுது. அதையெல்லாம் விட்டாச்சு.” இப்படிச் சொல்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. சம்பளமா, கலையா, ரெண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியுமா? இருவரைப் பார்ப்போம்.

முதலாமவர் எழுத்தாளர் சுஜாதா (1935–2008). இயற்பெயர் ரங்கராஜன். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. வேலையை விட்டுவிட்டு அவர் எழுத வரவில்லை. வேலை பார்த்துக்கொண்டே வார இதழ்களுக்குத் தொடர்கதை எழுதினார். தொழிலில் பழகிய கணினி கதைக்குள்ளும் வந்தது. ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ ஓர் இயந்திர நாய்தானே!

இரண்டாமவர் நம் மலேசியாவின் முத்து நெடுமாறன், கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். ஆப்பிள் கணினியில் உள்ள இணைமதி எழுத்துரு அவர் வடிவமைத்தது. எழுத்தின் வளைவை வரைவது கலை. அதைத் திரையில் சரியாக உட்கார வைப்பது நிரல். அவரிடம் இரண்டும் ஒரே வேலையாகிவிட்டன.

சரி, நாம என்ன செய்யலாம்?

ஒன்று: வேலைக்கு முன் அரை மணி நேரம். பிழை தேடிக் களைத்த மூளை ராத்திரியில் கதைக்கு ஒத்துழைக்காது. காலையில் ஒரு பக்கம் போதும்.

இரண்டு: திரையை விட்டு விலகுங்கள். நாள் முழுக்கத் தட்டிய விரலுக்கு நோட்டுப் புத்தகமோ மிருதங்கமோ ஓய்வு மாதிரி.

மூன்று: சின்னதாக ஒன்றை முடியுங்கள். வேலையில் இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியை முடித்துக் கொடுக்கிறோம் இல்லையா? அதேபோல மாதம் ஒரு சிறுகதை, ஒரு பாட்டு. பாதியில் நிற்கும் நாவலைவிட முடிந்த ஒரு பக்கம் மேல்.

நான்கு: வேலை ஒப்பந்தத்தைப் படியுங்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாகச் செய்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்கே போகும். சில ஒப்பந்தங்கள் வெளிவேலைக்கு அனுமதி வாங்கவும் சொல்லும். அதனால் சொந்தப் படைப்புக்குச் சொந்தக் கணினி, சொந்த நேரம். பிறகு சண்டை வராது.

வேலை நெருக்கும் வாரங்களில் எதுவும் எழுத முடியாது. பரவாயில்லை. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஒரு வாரம் விட்டுப்போனதால் கலை போய்விடாது. “இனி நமக்கு எதுக்கு” என்று நினைப்பதால்தான் போகிறது.

சிந்திக்க: நீங்கள் விட்டுவிட்ட கலை எது? நாளைக் காலை அதற்கு எந்த அரை மணி நேரத்தைக் கொடுப்பீர்கள்? அடுத்த சந்திப்பில் பேசுவோம்.