பழைய அடுப்பின் ஊர் தேடும் பிள்ளைகளுக்கு

1. கிடைத்தவுடன் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளைத் தொட்டியில் மேலோட்டமாகப் பதித்த எழுத்து அதோடு போய்விடும். தூசியை மட்டும் துடைத்து, சாய்ந்த வெயிலில் வைத்து வாசியுங்கள், படம் எடுங்கள்.

2. திருகோணமலையில் பம்ப் அடுப்பு எல்லாமே பிறைமஸ்தான். உண்மையில் அது 1892இல் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் சுவீடனில் தொடங்கிய தொழிலின் பெயர். ரேடியஸ், ஒப்டிமஸ், ஸ்வேயா ஆகியவையும் சுவீடன் அடுப்புகளே. பிறைமஸ் என்றால் தொட்டியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தைத் தேடுங்கள்; 'ஏ' என்றால் 1911. பேர்னரை நம்பவேண்டாம், அதைக் கழற்றி மாற்றியிருப்பார்கள்.

3. வார்ப்பிரும்பு அடுப்பென்றால் கதவையும் பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்கொட்லாந்தின் ஃபோல்கேர்க் வட்டாரம் இதற்குப் பேர்போனது. 1759இல் தொடங்கிய கரன் வார்ப்படச்சாலை அங்கேதான். கப்பற் பீரங்கியும் வார்த்தது, வீட்டு அடுப்பும் வார்த்தது. வைர வடிவ முத்திரை இருந்தால் அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பிரிட்டனில் பதிவானது. 1884 முதல் வெறும் எண். 1900 பிறக்கும்போது அது மூன்றரை இலட்சத்தைத் தொட்டிருந்தது. எண் சொல்வது வடிவமைப்பைப் பதிந்த ஆண்டை மட்டுமே. அடுப்பு பல வருடம் பிந்தியும் வார்க்கப்பட்டிருக்கலாம்.

4. திருகாணி போட்டுப் பூட்டிய தகடு பெரும்பாலும் விற்ற கடையினுடையது. இரும்போடு சேர்த்து வார்த்த பெயரைத் தேடுங்கள்.

5. "நேவிக்காரன் விட்டுப்போனது" என்று உவர்மலையிலும் சொல்வார்கள், இலங்கைத்துறை முகத்துவாரத்திலும் சொல்வார்கள். பிரிட்டிஷ் கடற்படை 1957இல் திருகோணமலைத் தளத்தை ஒப்படைத்துப் போனதால் அந்தக் கதை எந்தப் பழைய இரும்புக்கும் பொருந்திவிடுகிறது. பிரிட்டிஷ் அரச சாமானில் மூன்று கோடு கூடும் அம்புக்குறி குத்துவது வழக்கமாக இருந்தது. அது இல்லாவிட்டால் கடற்படையினது என்று பதியாதீர்கள். ஆனால் கதையை, சொன்னவர் பெயரோடு, தனியே எழுதிவையுங்கள். விலை பேசிய ஆம்பிளைகளை விட்டு, குசினியில் நின்ற அம்மம்மாவைக் கேளுங்கள்: யார் வாங்கித் தந்தது, பேர்னர் குத்தும் ஊசி எங்கே வாங்கினீர்கள், 1990இல் போருக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடியபோது இது எங்கே இருந்தது? சுவீடனையும் ஸ்கொட்லாந்தையும் எழுத்து காட்டிக்கொடுக்கும். அந்த வீட்டுக்கு அடுப்பு வந்த வழி அவவுக்குத்தான் தெரியும். நான் ஆண்டெழுத்தைவிட இதையே பெரிதாக மதிக்கிறேன். அவ இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.

6. பற்றவைத்துப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். வாஷர் காய்ந்திருக்கும், ஈயப் பற்று விட்டிருக்கும். காற்றடித்த தொட்டியில் மண்ணெண்ணெய் பீறினால் முகத்தில்தான் படும்.