கருவிக்கு முன் பயிற்சி

கேள்வி: தொண்டையில் அடைத்த உணவை உறிஞ்சி எடுக்கும் கருவியை எங்கள் பள்ளிக்கு வாங்க, அரசிடம் நிதி கேட்கலாமா? (ஒரு தாய், மாதனூர்)

பதில்: கேளுங்கள் அம்மா, ஆனால் முதலில் பயிற்சிக்குக் கேளுங்கள். மூச்சு முழுதாக அடைத்தால் நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். 108 எவ்வளவு விரைந்து வந்தாலும், அந்த நிமிடங்கள் ஆசிரியர் கையிலும் சத்துணவுப் பணியாளர் கையிலும்தான் இருக்கின்றன. 2022-இல் காலை உணவுத் திட்டம் வந்தபின், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இரு வேளை அங்கேயே சாப்பிடுகிறார்கள்.

இந்தக் கருவிகளுக்கு ஆதாரம் இன்னும் போதவில்லை. நிலைநாட்டப்பட்ட முதலுதவியையே முதலில் செய்யுங்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-இல் அறிவுறுத்தியது.

முறை இதுதான். பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். பேச்சோ இருமலோ வராவிட்டால், முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டவேண்டும். பிறகு பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்நோக்கி மேலாக அழுத்தவேண்டும். அடைப்பு விலகும்வரை இதையே மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது, நெஞ்சில் அழுத்தவேண்டும். நினைவு தப்பினால் உடனே சி.பி.ஆர்.

உச்சந்தலையில் தட்டுவது, தண்ணீர் புகட்டுவது, தொண்டைக்குள் குருட்டாம்போக்கில் விரல் விடுவது, மூன்றும் ஆபத்து. நம் வீடுகளில் இன்றும் இவைதான் நடக்கின்றன என்பது எனக்குப் பெரும் கவலை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, ஆண்டுதோறும் பயிற்சி நடத்தும்படி வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுதுங்கள். அங்கன்வாடிப் பணியாளர்களையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.