கத்திரிக்கு முன்னே ஹோஸைப் பாருங்கள்

சித்திரை பிறந்தால் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளுக்கு ஓய்வில்லை. கிணறுகள் வற்ற வற்ற அழைப்பு வந்துகொண்டே இருக்கும். கர்நாடகம், ஆந்திரம், மத்தியப் பிரதேசம் என்று வண்டிகள் ஓடும். டீசலுக்குக் கணக்கு உண்டு, எஞ்சின் ஆயிலுக்கு உண்டு, ஹேமர் பிட்டுக்கும் உண்டு. ரப்பருக்கு மட்டும் யாரும் கணக்கு வைப்பதில்லை. நடுக்காட்டில் ஹோஸ் வெடித்து, ஆயில் முழுக்க மண்ணில் கொட்டிய பிறகுதான் அதன் நினைவு வருகிறது.

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கும். அதற்குள் வண்டியை ஒரு நாள் நிறுத்திவிடுங்கள்.

ஓடினால்தான் ரப்பர் தேயும் என்று பலரும் நம்புகிறார்கள். சும்மா கிடந்தாலும் அதற்கு வயது ஏறும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதை இறுகச் செய்து வெடிப்பு விழவைக்கின்றன; சூடு அந்த வேலையை விரைவாக்குகிறது. 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் ரப்பரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. ஹைட்ராலிக் ஆயில் 82 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான சீல்களுக்குக் கேடுகாலம்தான். வெளிக்காற்று எவ்வளவு சூடாகிறதோ, கூலர் இழுப்பதும் அவ்வளவு சூடான காற்றைத்தான்; ஆயிலின் சூடும் கூடவே ஏறும். அதனால் முதல் வேலை ஹோஸில் இல்லை, கூலரில் இருக்கிறது. துளையிடும்போது பறக்கும் கல்தூசி அதன் இடுக்குகளை அடைத்திருக்கும். ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

பிறகு ஹோஸ். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அழுத்தம் முழுதும் இறங்கியிருக்க வேண்டும். மேல் ரப்பர் கிழிந்து உள்ளேயுள்ள கம்பி வலை தெரிந்தால் அந்த ஹோஸை அன்றே கழற்றிவிடுங்கள். அதை டேப் சுற்றி ஓட்டுவது ஆபத்தை மூடிவைப்பது மட்டுமே. கொப்புளம், வளைவில் குறுக்கு வெடிப்பு, கிரிம்ப் செய்த இடத்தில் ஆயில் கசிவு, விரலால் அழுத்தினால் மரம்போல் விறைப்பு: இவற்றில் எது தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். சேஸிஸில் உரசும் இடத்துக்கு உறை போடுங்கள்.

வெளியே எல்லாம் நன்றாகத் தெரிந்தாலும் தேதியைப் பார்க்க வேண்டும். ஹோஸின் மேல் நீளவாக்கில் அச்சிட்ட வரியில் தயாரித்த காலம் இருக்கும். சில நிறுவனங்கள் காலாண்டையும் ஆண்டையும் சேர்த்து அடிக்கின்றன. ஹைட்ராலிக் ஹோஸுக்கான ஜெர்மனியின் டின் 20066 தரநிலை கொடுக்கும் உச்ச ஆயுள் 6 ஆண்டு. கடையிலும் கிடங்கிலும் கிடக்கும் 2 ஆண்டும் அதற்குள் அடக்கம். வீட்டு கேஸ் அடுப்பின் சுரக்ஷா குழாயையே 5 ஆண்டுக்கொருமுறை மாற்றுகிறோம். பாறைத்தூசியிலும் வெயிலிலும் அதிர்ந்துகொண்டே உழைக்கும் ரிக் ஹோஸை 6 ஆண்டு வரை இழுப்பது சரியல்ல.

கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசித்துளை வழியாகச் சீறும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். யாருக்காவது பட்டுவிட்டால், வலி இல்லை என்று காத்திருக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த ஆயில் உடலுக்குள் ஏறியிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

புது ஹோஸ் பூட்டும்போது அச்சிட்ட வரி நேர்கோடாக இருக்கட்டும். வரி சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கியிருக்கிறது என்று பொருள். முறுக்கிய ஹோஸ் சீக்கிரம் வெடிக்கும். அழுத்தம் ஏறினால் ஹோஸ் 4 சதவீதம் வரை குறுகலாம், 2 சதவீதம் வரை நீளலாம். இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

ஓ-ரிங்கில் அளவு மட்டும் பார்ப்பது போதாது. ஹைட்ராலிக் ஆயிலுக்கு நைட்ரைல் ரப்பர் ஏற்றது. தண்ணீருக்கும் நீராவிக்கும் அருமையாக உழைக்கும் ஈபிடிஎம், பெட்ரோலிய ஆயில் பட்டால் ஊறிப் பருத்துவிடும். அளவு ஒன்றுதானே என்று தண்ணீர் பம்பின் ஓ-ரிங்கை மாட்டினால், அது நிச்சயம் காலை வாரிவிடும். ஃபேன் பெல்ட் இரண்டு மூன்று சேர்ந்து ஓடும் இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றாமல் முழு செட்டையும் மாற்றுங்கள். ஸ்பேர் ஹோஸையும் பெல்ட்டையும் வண்டியின் மேல் வெயிலில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். நிழலான பெட்டிக்குள் வையுங்கள். வெல்டிங் நடக்கும் இடத்தருகிலும் வேண்டாம், அங்கே ஓசோன் உண்டாகிறது.

கடைசியாக, கம்ப்ரெசரிலிருந்து ரிக்குக்குப் போகும் காற்று ஹோஸ். 300 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அதன் முனை கழன்றால், ஹோஸ் சாட்டையாகச் சுழன்று எதிரே நிற்பவரைக் கொன்றுவிடும். கழன்றாலும் அதைப் பிடித்து நிறுத்தும் பாதுகாப்பு வயர் விலை குறைந்த பொருள். இரு முனையிலும் அதை மாட்டாமல் இந்தக் கோடையில் கம்ப்ரெசரை ஓட்ட வேண்டாம்.