பையன் பெயரும் கடைசி எழுத்தும்

அனகாபுத்தூரில் ஆண் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால், எடை என்ன, சுகப்பிரசவமா என்ற விசாரிப்பு முடிந்ததும் பெயர்ப் பேச்சு வந்துவிடும். முதல் எழுத்தில் பெரிய தகராறு இருக்காது. அசுவினி என்றால் சு, சே, சோ, ல என்று நட்சத்திரத்தைப் பார்த்து ஜோசியர் சொல்லிவிடுவார். இப்போது இழுபறியெல்லாம் கடைசி எழுத்தில்தான். ‘ன்’ இல்லாவிட்டால் ஆண் பெயராகத் தெரியாது என்பார் பெரியப்பா. ‘ஷ்’ வேண்டும் என்பார் சித்தி. இங்கிலீஷில் கடைசியாக ஓர் எழுத்தைச் சேர்த்தால் யோகம் என்பார் எதிர்வீட்டுக்காரர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஆண் பெயர் ‘ன்’னில்தான் முடிய வேண்டும். ‘இ’யில் முடிந்தால் பெண் பெயர்.

தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது என்று இதற்குச் சாட்சி காட்டுபவர்கள் உண்டு. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் ‘ன்’ ஆணையும் ‘ள்’ பெண்ணையும் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அது வந்தான், வந்தாள் போன்ற வினைச்சொற்களின் முடிவைப் பற்றிய பேச்சு. குழந்தைக்குப் பெயர் வைக்கும் விதி அல்ல. அதே நூலின் பெயரியலில், உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான விரவுப்பெயரை விளக்கும் உரையாசிரியர்கள் ‘சாத்தன் வந்தான்’ என்றும் ‘சாத்தன் வந்தது’ என்றும் இரண்டு எடுத்துக்காட்டு தருகிறார்கள். ‘ன்’ போட்ட சாத்தன் மனிதனாகவும் இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம்!

கடையெழு வள்ளல்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாரி, காரி, ஓரி, நள்ளி: ஏழு பேரில் நால்வர் ‘இ’யில் முடிகிறார்கள். ‘ன்’னுக்குப் பேகனும் அதியமானும் மட்டுமே, ஆய் ‘ய்’யில் நிற்கிறான். நம் பக்கத்து ஊரையே பாருங்கள். தமிழ் நாடகத்தை நவீனப்படுத்திய பம்மல் சம்பந்த முதலியாரின் பெயரான சம்பந்தம் ‘ம்’மில் முடிகிறது. அனகாபுத்தூர் நெசவாளர் தெருக்களில் ஏழுமலை என்றோ, முத்து என்றோ, சண்முகம் என்றோ கூப்பிட்டால் எத்தனை தாத்தாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள்? அவர்களை யாரும் பெண் என்று எண்ணியதில்லை.

நம்பிக்கை: ‘ஷ்’ தனி வகைப் பெயர், அதற்குத் தனி வசீகரம், தனி ராசி.

தனி வகை ஒன்றுமில்லை. கணேஷ், ரமேஷ், மகேஷ் எல்லாவற்றின் வாலிலும் இருப்பவன் ஈசன்தான். தமிழ் அதற்கு ‘ன்’ சேர்த்துக் கணேசன் ஆக்கியது; இந்திப் பேச்சு கடைசி அகரத்தை விழுங்கிக் கணேஷ் ஆக்கியது. சிவாஜி கணேசனின் பெயரும் உங்கள் அலுவலக கணேஷின் பெயரும் ஒன்றே. நன்னூல் கணக்கில் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நிற்கும் எழுத்துகள் 24. அவற்றில் வல்லின மெய் ஒன்றுகூட இல்லை, ‘ஷ்’ஷுக்கும் இடமில்லை. அதனால்தான் ஆயா பேரனை ‘ரமேசு’ என்றும் ‘ரித்விக்கு’ என்றும் கூப்பிடுகிறார். இதற்காக அந்தப் பெயர்களை வைக்கவே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. பிடித்திருந்தால் வையுங்கள், ராசியை மட்டும் அதில் தேடாதீர்கள்.

நம்பிக்கை: சாஸ்திரமே கடைசி எழுத்தைச் சொல்கிறது.

ஒரு சாஸ்திரம் சொல்கிறதுதான். பாரஸ்கர கிருஹ்ய சூத்திரம், ஆண் குழந்தையின் பெயர் இரண்டு அல்லது நான்கு அசை கொண்டதாக, நெடிலிலோ விசர்க்கம் என்ற மூச்சொலியிலோ முடிய வேண்டும் என்கிறது. அந்த அளவுகோலை எடுத்தால் இன்றைய ‘ன்’, ‘ஷ்’ இரண்டுமே தேறாது.

நம்பிக்கை: கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தைக் கூட்டினால் எண் சரியாகி வாழ்க்கை மாறும்.

பணமும் மன நிம்மதியும் அதிகம் கரைவது இங்கேதான். பெயரின் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் எண் போட்டுக் கூட்டுவதே எண் கணிதம். கடைசி எழுத்துக்குத் தனிச் சலுகை அதில் கிடையாது. கூட்டுத்தொகையை மாற்ற வசதியான இடம், அவ்வளவுதான். இங்கே பரவலாக இருப்பது, கீரோ என்ற பெயரில் எழுதிய வில்லியம் ஜான் வார்னர் பிரபலப்படுத்திய கால்டிய முறை. மேல்நாட்டில் பித்தாகரஸ் பெயரால் இன்னொரு முறை உண்டு. கவின் என்ற பெயரை ஐந்து ஆங்கில எழுத்தில் எழுதிக் கால்டிய முறையில் கூட்டினால் 15, அதாவது 6. அதே ஐந்து எழுத்தைப் பித்தாகரஸ் முறையில் கூட்டினால் 21, அதாவது 3. ஒரே குழந்தை, ஒரே பெயர், இரண்டு விதி! எந்த விதியைப் பையன் வாழ்வது? தமிழில் அவன் பெயர் க, வி, ன் என்று மூன்றே எழுத்து. அதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஓசைக்கு மவுசு வந்து போவது எங்கும் உள்ளதுதான். அமெரிக்காவில் 2000-களில் பிறந்த ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெயர் ‘ன்’ ஓசையில் முடிந்தது. மேசன், ஜேடன், ஈதன் என்று அடுக்கலாம். அங்கே தொல்காப்பியமும் இல்லை, நம் ஜோசியரும் இல்லை. பக்கத்து வீட்டில் வைத்தார்கள், காதுக்கு நன்றாக இருந்தது, இவர்களும் வைத்தார்கள்.

கடைசி எழுத்து உண்மையிலேயே தொல்லை கொடுக்கும் இடம் ஒன்று உண்டு: பிறப்புச் சான்றிதழ். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அதுவே ஆதாரம். சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் நியூமராலஜி பார்த்துக் கூட்டிய இன்னோர் எழுத்து என்றால் பின்னால் அலைய வேண்டியது நீங்கள்தான். பதிந்த பெயரை மனம் மாறியதற்காக மாற்றித் தரமாட்டார்கள். கெஜட் வரை போக வேண்டியிருக்கும். பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். 2021 நவம்பரில் அனகாபுத்தூர் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால், இங்கேயே பிறந்த குழந்தை என்றால் இந்த வேலைக்கு நாட வேண்டியது மாநகராட்சியை. தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய், பதிந்ததும் கடைசி எழுத்துவரை சரிபார்த்துவிட்டு வாருங்கள்.