நெய்க்காரப்பட்டியிலிருந்து காட்டு நடை

பழனி–உடுமலை சாலையில் நெய்க்காரப்பட்டியில் இறங்கித் தெற்கே பார்த்தால் மலைத்தொடர் கண்ணை நிறைக்கும். குதிரையாறு அணை வரை போய்விட்டு, அங்கிருந்து யாரையாவது துணைக்குச் சேர்த்துக்கொண்டு மேலே ஏறிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து ஏறாதீர்கள். அணைக்கு மேலே இருப்பது காப்புக்காடு, யானை நடமாடும் இடம். அனுமதியின்றி நுழைவது குற்றம்.

முறையான வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. அதன் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். உங்களை அழைத்துப் போகிறவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள், பலர் பழங்குடி இளைஞர்கள். நெய்க்காரப்பட்டியில் தங்குபவர்களுக்கு என் தேர்வு, ஆனைமலை புலிகள் காப்பகத்தில் உள்ள சின்னாறு சோதனைச்சாவடி–கூட்டாறு பாதை. உடுமலை போய் அங்கிருந்து மூணாறு சாலையைப் பிடிக்க வேண்டும். அந்தப் பாதை திறந்திருக்கிறதா என்று பதிவின்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இது மழைமறைவுப் பகுதி. சோலைக்காட்டை எதிர்பார்த்து வந்தால் ஏமாறுவீர்கள். முள்மரங்களும் பாறையும் வெயிலும்தான். ஆனால் ஆற்றோரம் மட்டும் உயர்ந்த மரங்கள் நிற்கும், சாம்பல் நிறப் பெரிய அணில் அங்கேதான் வாழ்கிறது. சின்னாறும் பாம்பாறும் கலக்கும் இடம் கூட்டாறு. அந்த நீர்தான் அமராவதி அணைக்குப் போய்ச் சமவெளி வயல்களை நனைக்கிறது.

டிசம்பரும் ஜனவரியும் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் காய்ந்திருக்காது. பிப்ரவரி நடுவில் தீக்காலம் தொடங்கிவிடும். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை எல்லாப் பாதைகளையும் மூடினார்கள். அது தேவையற்ற கெடுபிடி அல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள காலணி, மங்கிய நிற உடை போதும். வாசனைத் திரவியம் வேண்டாம். சாப்பிட, நெய்க்காரப்பட்டி வெல்லத்தில் ஒரு துண்டும் வறுத்த கடலையும் துணிப்பையில் கட்டிக்கொள்ளுங்கள், நடைக்கு இதைவிட நல்ல தீனி இல்லை.

காட்டில் வழிகாட்டிக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும். அவர் “நில்லுங்க” என்றால், ஏன் என்று கேட்காமல் அந்த இடத்திலேயே நில்லுங்கள். காற்றில் வரும் யானை வாடையும் ஒடிந்த கிளையின் ஈரமும் அவருக்குச் சொல்வது நமக்குக் கேட்காது.

இந்த மலைகளில் முதுவர், புலையர், பளியர் மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். தளிஞ்சி, மஞ்சம்பட்டி போன்றவை அவர்களின் ஊர்கள், வேடிக்கை பார்க்கும் இடங்கள் அல்ல. அழைக்காமல் வீட்டுப்பக்கம் போகாதீர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் நீட்டாதீர்கள், கையேந்தும் பழக்கத்தை நாமே ஏற்படுத்தியதாகிவிடும். உதவ நினைத்தால் அவர்களிடம் தேன் கிடைக்கும்போது பேரம் பேசாமல் வாங்குங்கள். திட்டத்துக்கு வெளியே “குறைந்த செலவில் கூட்டிப்போகிறேன்” என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.