கணையப் புற்றுநோய்: அறிகுறிகளை அறிந்து காலந் தாழ்த்தாது வைத்தியரை நாடுவோம்

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் கிடப்பது கணையம். இலங்கைப் பாடநூல்களில் இதனைச் சதையி என்று படித்தோம். சுமார் 15 சென்ரிமீற்றர் நீளமுள்ள இவ்வுறுப்பு, உணவைச் செரிக்கச் செய்யும் சாற்றையும் இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் சுரக்கிறது. ஆழத்தில் மறைந்திருப்பதால் இதில் உண்டாகும் கட்டி ஆரம்பத்தில் வெளியே தெரிவதில்லை. பிரித்தானியாவில் ஆண்டுதோறும் 10,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டறியப்படுகிறது. அவர்களுள் சத்திரசிகிச்சை செய்யத்தக்க நிலையில் இருப்போர் சிறு பகுதியினரே.

கவனிக்க வேண்டியவை

1. செங்கண்மாரி (மஞ்சட்காமாலை): கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வளர்ந்தால் பித்தக்குழாய் அடைபடும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கடுந்தேயிலை நிறமாகும், மலம் வெளிறும், உடல் கடிக்கும். நமது தோலில் மஞ்சள் எளிதில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெண்பகுதியைப் பாருங்கள்.

2. மேல்வயிற்று நோ: முதுகுக்குப் பரவும், படுத்தால் கூடி, முன்னால் சாய்ந்திருந்தால் குறையக்கூடும்.

3. காரணமின்றி உடல் நிறை குறைதல், பசியின்மை.

4. மலம் எண்ணெய்த்தன்மையுடன் மிதத்தல், தண்ணீர் ஊற்றியும் எளிதிற் போகாதிருத்தல்.

5. நிறை குறையும் வேளையில் புதிதாகச் சலரோகம் வருதல், அல்லது கட்டுப்பாட்டிலிருந்த சீனி திடீரென ஏறுதல்.

இவை பித்தக்கல் போன்ற வேறு காரணங்களாலும் வரலாம். பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இராது. ஆயினும் காரணத்தைக் கண்டறிவது அவசியம்.

நாம் தாமதிக்கும் இடங்கள்

செங்கண்மாரி என்றதும் கீழ்காய்நெல்லியும் எண்ணெயில்லாப் பத்தியமும் நினைவுக்கு வரும். நோவை வாய்வு என்போம். மெலிந்தால் விரதத்தால் என்போம், சீனியால் என்போம். விரதம் முடிந்து வழமைபோல் உண்ட பின்னும் நிறை குறைந்துகொண்டே போனால் அதற்கு விரதம் காரணமல்ல. அடைபட்ட குழாயை எந்தப் பத்தியமும் திறக்காது.

வைத்தியரிடம்

கண் மஞ்சளானால் அன்றே குடும்ப வைத்தியரிடம் அவசர நேரம் கேளுங்கள், அல்லது 111ஐ அழையுங்கள். அத்துடன் காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டியின்படி, 40 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்குச் செங்கண்மாரி கண்டால் விரைந்து நிபுணரிடம் அனுப்பப்படல் வேண்டும். 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு நிறை குறைவுடன் வயிற்று நோ, முதுகு நோ, வாந்தி, வயிற்றோட்டம், மலச்சிக்கல், புதிய சலரோகம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் அவசர சி.ரி. ஸ்கான் பற்றிச் சிந்திக்க வேண்டும். எப்போது தொடங்கியது, எத்தனை கிலோ குறைந்தது என்று எழுதிக் கொண்டு செல்லுங்கள். குறையாவிட்டால் மீண்டும் செல்லத் தயங்காதீர்கள்.

மலத்தைப் பற்றி மகன் முன்னிலையில் பேச அம்மாவுக்குக் கூச்சமாயிருக்கும். இலவசமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தரும்படி முற்கூட்டியே கேட்கலாம்.

நிபுணர் சிகிச்சை

கணைய சத்திரசிகிச்சை எல்லா வைத்தியசாலைகளிலும் செய்யப்படுவதில்லை. அதற்கென விசேட நிலையங்கள் உள்ளன. "உங்கள் ஸ்கானை அந்த நிபுணர் குழு பார்த்ததா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை.

சைவ உணவுக்காரர் அறிய வேண்டிய ஒன்று: செரிமானத்துக்குத் தரப்படும் கணைய நொதிக் குளிசைகள் பன்றியின் கணையத்திலிருந்து செய்யப்படுபவை. இவையின்றி உண்ட உணவு உடலிற் சேராது மெலிவு கூடும். மனம் ஒப்பாவிட்டால் சொல்லாமல் நிறுத்திவிடாது, வைத்தியருடனும் உணவு ஆலோசகருடனும் மனம்விட்டுப் பேசுங்கள்.

இதனை வாசித்ததும் வீட்டிலுள்ள பெரியோரிடம் ஒருமுறை சுகம் விசாரியுங்கள். எல்லோரும் நலமுடன் வாழ இறைவன் திருவருள் துணைநிற்பதாக.